நீர்த்தவளை தண்ணீருக்குள் இறங்க முடியாமல் மிதந்தால் என்ன செய்வது

ஒரு நாள் காலையில் தையல் மேசை விளக்கைப் போட்டதும், என் நீர்த்தவளை பொத்தான் தொட்டித் தண்ணீரின் மேற்பரப்பில் ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்தேன். வலது விலாவும் வலது தொடையும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தன. என் விரலின் நிழல் கண்ணாடியில் பட்டதும் உதைத்துக்கொண்டு கீழே பாய்ந்தாள். மூக்கு அடித்தரையைத் தொடுவதற்குள் பின்பக்கம் தானாகத் தூக்கிக்கொண்டது. தக்கையைத் தண்ணீருக்குள் அழுத்திக் கைவிட்டால் வருவதுபோல் மேலே வந்துவிட்டாள். மீண்டும் உதைத்தாள், மீண்டும் வந்தாள். கால் மணி நேரம் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உதையின் வலு குறைந்துகொண்டே போனது.

பொத்தான் ஓர் ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. ஹைமனோகைரஸ் என்ற இனம். முழுதாக வளர்ந்தாலும் உடல் 4 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. வீட்டுத் தொட்டிகளில் அதிகம் வளர்க்கப்படும் இன்னொரு நீர்த்தவளை, ஜெனோபஸ் லேவிஸ் என்ற ஆப்பிரிக்க நகத் தவளை. அது உள்ளங்கை அளவுக்கு வளரும். அதன் உடலின் இரு பக்கமும் நூல் தையல் ஓட்டியதுபோல் சிறு கோடுகள் வரிசையாக இருக்கும். நீரின் அசைவை உணரும் உறுப்புகள் அவை. தையல்காரியான எனக்கு நகத் தவளையின் மேல் ஆசை வந்ததே அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான். கீழே நான் சொல்வது இந்த இரண்டு இனங்களுக்கும் பொருந்தும். வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

மிதப்பது ஒரு நோயின் பெயர் அல்ல. நமக்குக் காய்ச்சல் எப்படியோ அப்படி. உள்ளே ஏதோ சரியில்லை என்பதற்கான அறிகுறி. வயிற்றில் காற்று சேர்ந்தாலும் மிதக்கும், குடல் அடைத்தாலும் மிதக்கும், உடம்பில் நீர் கோத்தாலும் மிதக்கும், தண்ணீரே கெட்டிருந்தாலும் மேலேயே கிடக்கும். ஆகவே, "மிதக்கிறது, என்ன மருந்து போடலாம்?" என்று தொடங்குவது தவறு. மருந்தைப் பற்றி யோசிக்கும் முன்னால் தண்ணீரின் ஆழத்தைக் குறையுங்கள். அதற்குப் பிறகு காரணத்தைத் தேடலாம், நேரம் இருக்கும்.

உண்மையில் மிதக்கிறதா?

புதிதாக வளர்ப்பவர்கள் பதறுகிற பல மிதப்புகள் இயல்பானவை. நீர்த்தவளைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான் உண்டு. மூச்சுக்காக அது மேலே வந்தே ஆக வேண்டும். அந்த நுரையீரலே நீரில் ஏறவும் இறங்கவும் மிதவைப் பையாகவும் உதவுகிறது. குள்ளத் தவளை சில நேரம் கைகால்களை நான்கு பக்கமும் விரித்து, மூக்கை மட்டும் வெளியே வைத்து, அசையாமல் தொங்கும். முதல்முறை பார்த்தபோது செத்துவிட்டது என்றே நினைத்தேன். அது ஓய்வு.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் தவளைகளைப் பிடித்துப் பிரித்தவர்கள் உண்டு. குள்ளத் தவளைகள் முட்டையிடும்போது ஆண் பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து வளைந்தபடி மேலே நீந்தி வந்து, மேற்பரப்பில் மல்லாந்து, வயிறு மேலே தெரிய முட்டைகளை விட்டுவிட்டுக் கீழே இறங்கும். மீண்டும் மீண்டும் அப்படியே செய்யும். அது நோயல்ல, கைவைக்காதீர்கள். ஆணின் முன்கைக்குப் பின்னால் தெரியும் வெளிறிய சிறு புடைப்பும் கட்டியல்ல. ஆண்களுக்கு உரிய சுரப்பி அது. முட்டை நிறைந்த பெண் அடிவயிறு பருத்து பேரிக்காய் வடிவில் இருப்பதும் இயல்பே.

வேறுபாடு இதுதான்: நலமான தவளை மிதக்க விரும்பி மிதக்கிறது, நோயுற்ற தவளை இறங்க முடியாமல் மிதக்கிறது. தொட்டியின் மேல் கையை மெதுவாகக் கொண்டுபோய் நிழல் விழச் செய்யுங்கள். நலமான தவளை சட்டென்று இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்கும். இறங்கியும் நிற்க முடியாமல் மேலே வந்தால், அல்லது இறங்கவே முயலாமல் சாய்ந்து கிடந்தால், அது பிரச்சினை. இந்தச் சோதனையை ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை செய்யுங்கள். மிதக்கும் தவளையைப் பெரும்பாலும் வீழ்த்துவது களைப்பு. நாமே அதைத் திரும்பத் திரும்ப உதைக்க வைக்கக் கூடாது.

முதல் ஒரு மணி நேரம்

தட்டையான, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று போதும். சோப்புப் படாதது வேண்டும். தவளையின் தோல் வழியாக நீரும், நீரில் கரைந்திருப்பதும் உள்ளே போகும். சோப்பின் மிச்சம், வாசனைத் திரவம், பூச்சிமருந்து எல்லாமே அதற்கு நஞ்சு. மூடியில் காற்றுக்குச் சில துளைகள் போடுங்கள்.

தண்ணீரின் உயரம்: தவளை அடித்தரையில் உட்கார்ந்து உடலைச் சற்றே நிமிர்த்தினால் மூக்கு மேற்பரப்பைத் தொட வேண்டும். குள்ளத் தவளைக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர், வளர்ந்த நகத் தவளைக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் என்று நான் வைக்கிறேன். அளவு நாடா என் கழுத்திலேயே தொங்குவதால் அளந்தே ஊற்றுவேன். குத்துமதிப்பாக ஊற்றுபவர்கள் எப்போதும் அதிகமாகவே ஊற்றிவிடுகிறார்கள்.

எந்தத் தண்ணீர்? தொட்டி நீரைச் சோதித்து அது நன்றாக இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால், குளோரினும் குளோரமினும் நீக்கப்பட்ட, தொட்டியின் அதே வெப்பநிலையில் உள்ள புதிய தண்ணீர். குழாய் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் அப்படிப் போகாது, அதற்கு நீர்ச் சீராக்கி மருந்து வேண்டும். வெப்பநிலை குள்ளத் தவளைக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், நகத் தவளைக்கு 18 முதல் 22 டிகிரி. நகத் தவளையையும் ஹீட்டர் போட்டு வெதுவெதுப்பாக வைத்தால் குணமாகும் என்று நினைக்காதீர்கள். சூடு அதற்குத் துன்பம்.

பிடிப்பதற்கு வலையை எடுக்காதீர்கள். பின்கால் விரல்களில் இருக்கும் நகங்கள் வலைக் கண்ணிகளில் மாட்டிக்கொள்ளும். ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்து, தவளையை நீரோடு சேர்த்து அள்ளுங்கள். கையால் தொட்டே ஆக வேண்டுமென்றால் கையை நன்றாக அலசி, ஈரத்தோடு தொடுங்கள். முடித்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். 2008 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைத் தொட்டிகள் வழியாக சால்மோனெல்லா தொற்று பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். தொட்டி நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டுவதை, இதை அறிந்த அன்றோடு நானும் விட்டேன்.

மிதக்கும் தவளையின் உடலில் ஒரு பகுதி எந்நேரமும் காற்றில் இருக்கிறது. அந்தத் தோல் காய்ந்துவிடும். காய்ந்த இடம் வெளிறி, உரிந்து, புண்ணாகி, அங்கே தொற்று நுழையும். மூடியை மூடியே வையுங்கள், உள்ளே காற்று ஈரமாக இருக்கும். சொட்டுக்குழல் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, முதுகு காய்வதுபோல் தெரியும்போதெல்லாம் அதே பெட்டி நீரைச் சொட்டு சொட்டாக விடுங்கள். பொத்தானுக்கு அன்று முழுவதும் ஒவ்வொரு சட்டைக் கையை முடித்ததும் நான்கு சொட்டு விட்டேன். பெட்டியின் பாதியை ஒரு துணியால் மூடி இருட்டாக்கினால் தவளை அமைதியாக இருக்கும். மென்மையான ஓர் இலை அல்லது செடிக்கொத்து, சாய்ந்துகொள்ள. வடிகட்டி வேண்டாம், காற்றுக்குமிழிக் கல் வேண்டாம், சலனம்தான் களைப்பு. வடிகட்டி இல்லாததால் தினமும் தண்ணீரை முழுவதும் மாற்ற வேண்டும்.

அன்று உணவு கொடுக்காதீர்கள்.

காற்றா, நீரா? தராசு சொல்லும்

தவளை பெட்டிக்குள் அமைதியாகிவிட்டது. இப்போதுதான் காரணத்தைத் தேட வேண்டும். கண்ணால் பார்த்தால் காற்றடைத்த தவளையும் நீர் கோத்த தவளையும் ஒன்றுபோலவே உப்பித் தெரியும். எனக்கு உதவியது நகை எடை போடும் சிறு மின்னணுத் தராசு. காற்று உடலைப் பெரிதாக்கும், எடையைக் கூட்டாது. நீர் கோத்தால் எடை கூடியே தீரும். இவ்வளவு எளிய கணக்கு எனக்கு முன்பே தோன்றாமல் போனதில் இன்றும் வருத்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

எடை போடும் முறை: சிறிய கிண்ணத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். தவளையை வேறொரு கிண்ணத்தில் அள்ளி, நீரை வடித்துவிட்டு, முதல் கிண்ணத்துக்குள் நழுவ விடுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசாக இருக்க வேண்டும், குள்ளத் தவளையின் எடையே சில கிராம்தான். தவளை நலமாக இருக்கும்போதே மாதம் ஒருமுறை எடுத்து எழுதி வைத்தால்தான் நோய் வரும்போது ஒப்பிட முடியும். பொத்தானின் எடை குறிப்பேட்டில் 3.1 என்று இருந்தது. மிதந்த அன்றும் 3.1. வயிறோ பொத்தான் துளை மாட்டாத அளவுக்குப் பருத்திருந்தது. ஆகவே காற்று.

எடை போட முடியாதவர்கள் உடல் எங்கே உப்பியிருக்கிறது என்று பாருங்கள். குடலில் காற்று என்றால் பெரும்பாலும் பின்பக்கமோ ஒரு விலாவோ மேலே தூக்கும். கைகால்கள் மெலிந்தபடி பழைய உருவத்திலேயே இருக்கும். நீர் கோத்தால் முழு உடலும் பந்துபோல் இறுகும். தொடை, முழங்கை, தாடைக்கடியில் எல்லாம் பை கட்டியதுபோல் வீங்கும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு எங்கே, தோள் எங்கே என்று பிரித்தறிய முடியாது. நான் தினமும் ஒரே நேரத்தில் நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்து, முந்தைய நாளின் படத்தோடு வைத்துப் பார்ப்பேன். "கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது" என்று மனம் சொல்வதை நம்ப வேண்டாம், படத்தை நம்புங்கள்.

வயிற்று உப்புசம் என்றால்

வீட்டிலேயே குணமாகக்கூடிய மிதப்பு இதுதான். இதற்கான வைத்தியம் பட்டினியும் ஆழமற்ற நீரும். குள்ளத் தவளையை இரண்டு மூன்று நாள், வளர்ந்த நகத் தவளையை ஐந்து நாள் வரை உணவின்றி வைக்கலாம். முன்பு நன்றாகத் தின்று கொழுத்திருந்த தவளைக்கு இதனால் தீங்கு வராது. ஏற்கெனவே மெலிந்திருந்தால் பட்டினி போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பெட்டியின் அடியைத் தினமும் பாருங்கள். கழிவு வந்ததா என்பதே கேள்வி. பொத்தானுக்கு முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் பெட்டிக்கு அடியில் வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தேன்: கருஞ்சிவப்பில், அவளுடைய முன்கை நீளத்துக்கு ஒரு துண்டு, அதை ஒட்டி இரண்டு காற்றுக்குமிழிகள். அவள் அடித்தரையில் நான்கு கால்களையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். நான் வேலையைத் தொடங்காமல் அரை மணி நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரணம் என்னிடம்தான் இருந்தது. முந்தைய வாரம் உறைந்த புழு தீர்ந்துபோய், உலர்த்திய ரத்தப்புழுவைக் கொடுத்திருந்தேன். உலர்ந்த புழு மேற்பரப்பில் மிதக்கும். தவளை அதை எட்டிப் பிடிக்கும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். விழுங்கிய புழு வயிற்றுக்குள் போய் நீரை உறிஞ்சிப் பெருக்கும். இந்தத் தவளைகளுக்கு நாக்கு கிடையாது. கையால் வாய்க்குள் தள்ளி, நீரோடு சேர்த்து உறிஞ்சித்தான் தின்னும். உணவு அடியில் இருந்தால் நீர் உள்ளே போகும், மேலே இருந்தால் காற்று உள்ளே போகும்.

அன்றிலிருந்து உறைந்த புழுவைக் கரைத்து, சொட்டுக்குழலால் அடியில் உள்ள சிறு மண்தட்டில் விடுகிறேன். வளர்ந்த குள்ளத் தவளை ஒன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கைந்து புழு. நகத் தவளைக்கு வாரம் இரண்டு மூன்று முறை, துண்டாக்கிய மண்புழுவோ துகள் உணவோ. நகத் தவளைக்குப் போதும் என்ற சொல்லே தெரியாது. வயிறு வெடிக்கும்வரை கேட்கும், இரக்கப்பட்டுக் கொடுக்காதீர்கள். வாரம் ஒருமுறை நீர்த்தெள்ளு கொடுக்கிறேன். அதன் ஓடு செரிக்காமல் நார்போல் குடலைத் துலக்கிக்கொண்டு போகும். பட்டினி முடிந்து முதல் உணவாகவும் அதையே கொடுக்கலாம், மிகக் குறைவாக.

ஐந்து நாளாகியும் கழிவு வரவில்லை, வயிறு குறையவில்லை என்றால் அடைப்பு இருக்கலாம். தொட்டியில் தவளை வாய்க்குள் போகும் அளவுக்கு கூழாங்கற்கள் கிடக்கின்றனவா? கிடந்தால் அதுதான் முதல் சந்தேகம். நகத் தவளை உணவோடு கல்லையும் விழுங்கும். கல் கனம் என்பதால் தவளை மூழ்கத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் கல் அடைத்த இடத்துக்குப் பின்னால் உணவு நொதித்துக் காற்று சேரும். எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் கல், காற்று, நீர் மூன்றில் எது என்று தெரிந்துவிடும். வயிற்றை அமுக்கி நீவிவிட வேண்டாம். தவளையின் உறுப்புகளைக் காக்க நமக்கு இருப்பதுபோல் விலாக்கூடு கிடையாது. தொட்டியின் அடியில் ஒன்று, தவளையின் தலையை விடப் பெரிய உருண்டைக் கற்கள் இருக்கட்டும். அல்லது வெறும் கண்ணாடியாக இருக்கட்டும்.

நீர் கோத்தால்

பொத்தானுக்கு முன்னால் என்னிடம் பஞ்சு இருந்தாள். வெளிறிய நிறமுள்ள நகத் தவளை. ஒரு வாரமாக அவள் பருத்துக்கொண்டே வந்தாள். முட்டை என்று நினைத்தேன். பிறகு மிதக்கத் தொடங்கினாள். காற்று என்று நினைத்துப் பட்டினி போட்டேன். ஒன்பது நாள் கழித்துத் தொடையைத் தொட்டபோது, நீர் நிரப்பிய பலூன்போல் விரலுக்குக் கீழே ததும்பியது. தராசில் ஏற்றியிருந்தால் இரண்டாம் நாளே தெரிந்திருக்கும்.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாக நீர் ஓயாமல் உள்ளே வருகிறது. அதைச் சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்றுகிறது. தோலுக்கடியில் உள்ள நிணநீர்ப் பைகளில் சேரும் நீரை இரத்தத்துக்குத் திருப்பி அனுப்ப நிணநீர் இதயங்கள் என்றே தனியாகத் துடிக்கும் உறுப்புகள் அதற்கு உண்டு. சிறுநீரகமோ, நிணநீர் இதயங்களோ, ஈரலோ தளர்ந்தால், அல்லது ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா உடலுக்குள் பரவினால், உள்ளே வரும் நீர் வெளியேறாமல் தேங்குகிறது. மனிதரில் மகோதரம் என்று சொல்கிறோமே, அதைப் போன்றது. தொடையின் உட்புறத்திலும் அடிவயிற்றிலும் தோல் சிவந்திருந்தால் பாக்டீரியாத் தொற்று என்று எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இதை வீட்டில் குணப்படுத்த முடியாது. நீர்நில உயிர்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். தவளை நலமாக இருக்கும்போதே தேடி வைப்பது நல்லது. அவர் நுண்ணூசியால் நீரை எடுத்துச் சோதிப்பார், தேவையென்றால் நுண்ணுயிர்க்கொல்லி தருவார், உப்புக் கரைசலில் வைக்கச் சொல்லலாம். உப்புக் கரைசலின் காரணம் எளிது: தவளையின் உடல் திரவத்துக்கு ஈடாக வெளியிலும் உப்பு இருந்தால் நீர் உள்ளே பாய்வது குறையும். மனித இரத்தத்துக்கு 0.9 சதவீத உப்புநீர் ஈடு என்றால் தவளைக்கு ஏறத்தாழ 0.65 சதவீதம். வெறும் உப்பு மட்டும் போதாது, பொட்டாசியம், கால்சியம் போன்றவையும் அளவோடு வேண்டும். 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உப்புநீரில் வைத்துத் துடிக்கச் செய்துகொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் கரைசலைத் தயாரித்தபோது துடிப்பு நின்றது. முன்பு துடித்ததற்குக் காரணம் குழாய் நீரில் இருந்த கால்சியம் என்று அப்போது கண்டுகொண்டார். இன்று மருத்துவமனைகளில் மனிதருக்கு ஏற்றப்படும் ரிங்கர் கரைசலின் மூலம் ஒரு தவளைதான். எத்தனை கிராம், எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். சமையல் உப்பைக் கைப்பிடியாக அள்ளித் தொட்டியில் போடாதீர்கள்.

வீட்டில் ஊசியால் குத்தி நீரெடுக்கவே கூடாது. எடுத்த நீர் ஓரிரு நாளில் திரும்பச் சேரும், குத்திய துளை வழியாகத் தொற்று நுழையும். மருத்துவர் எடுத்தால்கூட மூலக் காரணம் தீராவிட்டால் நீர் திரும்ப வரும். பஞ்சுவுக்கு மூன்று முறை திரும்பியது. நான்காம் முறை மருத்துவர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். மயக்க மருந்து கலந்த நீரில் அமைதியாகப் போனாள். முடிவு அப்படித்தான் என்றால் அதையும் மருத்துவரிடமே விடுங்கள். ஃபிரீசரில் வைத்தால் வலியில்லாமல் போகும் என்று சொல்வதை நம்பாதீர்கள், அது கொடுமை.

தண்ணீரே காரணமானால்

தொட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட தவளைகள் ஒரே நாளில் மிதந்தால் அவற்றின் வயிற்றைப் பார்க்க வேண்டாம், தண்ணீரைப் பாருங்கள். கழிவிலிருந்து நீரில் சேரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள். முதல் இரண்டில் ஏதேனும் தெரிந்தால் உடனே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். காரத்தன்மை ஏறினால் அம்மோனியாவின் நச்சும் ஏறும். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் அதிலுள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும். மாற்றி எடுத்த தொட்டி நீரில் பிழிந்தால் போதும்.

அதிகம் பேர் அறியாத ஒன்று காற்றுக்குமிழி நோய். குளிர்ந்த குழாய் நீரில் அழுத்தத்தால் காற்று நிறையக் கரைந்திருக்கும். அதைச் சூடாக்கி உடனே தொட்டியில் ஊற்றினால், மிகையான காற்று கண்ணாடியெங்கும் பொடிக் குமிழிகளாகப் படியும். சோடா பாட்டிலைத் திறந்ததுபோல. அதே காற்று தவளையின் உடலுக்குள்ளும் குமிழியாகலாம். பம்பின் உறிஞ்சு குழாயில் சிறு விரிசல் விழுந்து காற்றை இழுத்தாலும் இதேதான் நடக்கும். அடையாளம், கால்விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு. தவளையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, ஊசியில் நூல் கோக்கும்போது பார்ப்பதுபோல் உற்றுப் பாருங்கள். மெல்லிய சவ்வில் கடுகைவிடச் சிறிய வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தால் அவை காற்று. மருந்து வேண்டாம்: ஒரு நாள் திறந்து வைத்து நன்றாகக் கலக்கிய நீருக்குத் தவளையை மாற்றி, பம்பைச் சரிசெய்யுங்கள். சவ்வு சிவந்தோ கிழிந்தோ இருந்தால் மட்டும் மருத்துவர்.

தோள்பக்கம் மட்டும் தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடினால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். தோல் பட்டை பட்டையாக உரிந்து, தொட்டியை விட்டு வெளியேற முயன்றால், தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சையாக இருக்கலாம். மற்ற தவளைகளுக்கும் பரவும், பாத்திரங்களைப் பொதுவாகப் பயன்படுத்தாதீர்கள். இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் இல்லை. மீன்களுக்கு விற்கும் செம்புச் சத்துள்ள மருந்தையும் மாலகைட் பச்சையையும் "ஒரு சொட்டுத்தானே" என்று விடாதீர்கள். மீனுக்குச் செதில் இருக்கிறது, தவளைக்கு இல்லை.

மருத்துவரிடம் போகும்போது நான் கொண்டுபோவது: தினசரி எடை, மேலிருந்து எடுத்த படங்கள், இறங்க முயன்று மேலே வருவதைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ, நீர்ச் சோதனை எண்கள், கடைசி இரண்டு வாரம் என்ன தின்றது, கழிவு கிடைத்தால் அது ஒரு சிறு குப்பியில். தவளையை ஆழமற்ற நீரில், மூடிய பெட்டியில், வெயில் படாமல் எடுத்துச் செல்லுங்கள்.

திரும்பப் பெரிய தொட்டிக்கு

மிதப்பு நின்ற அன்றே ஆழமான தொட்டிக்கு மாற்றக் கூடாது. இரண்டு நாள் முழுவதும் அடியிலேயே நிற்கிறதா, தின்ற பிறகும் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பெட்டியின் நீரை நாளுக்கு 2 சென்டிமீட்டர் கூட்டுங்கள். மேலே வந்து மூச்சிழுத்துவிட்டு நேராக இறங்குகிறது, சாயவில்லை, பின்பக்கம் தூக்கவில்லை என்றால் அடுத்த 2 சென்டிமீட்டர். எங்காவது ஓர் உயரத்தில் தடுமாறினால் முந்தைய அளவுக்கே திரும்புங்கள். பொத்தானுக்கு 12 சென்டிமீட்டர்வரை ஏழு நாள் ஆனது. ஒரு நாள் 9-இல் சாய்ந்தாள், 7-க்கு இறக்கினேன்.

பெரிய தொட்டியில் விடும்போதும் நீர்மட்டத்தை வழக்கத்தைவிடக் குறைத்து வைத்தேன். குள்ளத் தவளைத் தொட்டியில் 30 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் எப்போதுமே தேவையில்லை. மேற்பரப்புக்கு அருகே அகன்ற இலைகளுள்ள ஒரு செடி இருந்தால், இடையில் களைத்தால் அமர்ந்துகொள்ளும். வடிகட்டியின் நீர்வீச்சைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். மூடியை மறக்காதீர்கள், குணமான தவளை தாவும்.

முதல் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சோடு மேசையருகே உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை மணிக்கு அவள் மேலே வந்தாள், ஒரு மூச்சு இழுத்தாள், மூக்கைக் கீழே திருப்பி இரண்டே உதையில் இறங்கி, மண்தட்டுக்கும் கல்லுக்கும் இடையே நுழைந்துகொண்டாள். குறிப்பேட்டில் எடை 3.0 என்று எழுதி, தேதியைப் போட்டேன்.